வளையாத இடத்தில்தான் குறை

லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு மூங்கில் வில் செஞ்சு கொடுக்கிறது எனக்குப் பழக்கம். வில் ஒடிஞ்சா பெத்தவங்க சொல்றது ஒண்ணுதான்: "மூங்கில்னா அவ்வளவுதாங்க, கடையில பிளாஸ்டிக் வில் வாங்கிக்கலாம்." இதை நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம நாட்டு வில்வித்தைப் போட்டியில 'இந்தியன் ரவுண்ட்'னு ஒரு பிரிவே இருக்கு. 30 மீட்டர், 50 மீட்டர் தூரத்துக்கு மூங்கில் வில்லாலதான் எய்றாங்க. மூங்கில் மேல பழி போடாதீங்க, இழைப்பைப் பாருங்க.

விளைஞ்ச கல் மூங்கிலை வெட்டி, நிழல்ல நல்லா காயவச்சு, பிளாச்சா பிளக்கணும். வெளிப்பக்கத் தோல்ல கத்தி படக்கூடாது. இழுவையைத் தாங்குறது அந்தத் தோல் பக்கத்து நார்தான். சுரண்டுறதெல்லாம் உள்பக்கம்தான். கடைசி இழைப்புக்கு உடைஞ்ச கண்ணாடிச் சில்லு போதும், கையில துணி சுத்திக்கிட்டு.

பிறகுதான் முக்கியமான வேலை. சுவத்துல ஒரு கட்டை அடிச்சு, வில்லோட பிடியை அது மேல வைங்க. ஒருத்தர் நாணை மெதுவா கீழே இழுக்க, இன்னொருத்தர் பத்தடி தள்ளி நின்னு பார்க்கணும். ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையுதா? எங்கேயாவது முழங்கை மாதிரி மடங்குதா? மடங்குற இடம்தான் நாளைக்கு ஒடியும். அந்த இடத்தைத் தொடவே கூடாது. பக்கத்துல விறைப்பா நிக்கிற இடத்தைத்தான் சுரண்டணும். கொஞ்சம் சுரண்டி, பாதி தூரம் 20, 30 தடவை இழுத்து மெதுவா விட்டு, மறுபடி பார்க்கணும். அவசரப்பட்டா வில் போச்சு.

ரிப்பேரும் இதே கணக்குதான். கணுகிட்ட சிம்பு கிளம்பியிருந்தா மரப்பசை விட்டு, நூலை நெருக்கமா இறுக்கிச் சுத்தலாம். ஆனா கட்டு மட்டும் போட்டா மறுபடி அங்கேயே பிளக்கும். பக்கத்து விறைப்பைக் குறைச்சாத்தான் பாரம் பிரியும். தோல் பக்கத்துல குறுக்கே விரிசல் ஓடிருச்சுன்னா, அந்த வில்லை அவரைக் கொடிக்கு ஊன்றிடுங்க. எய்யாதீங்க.

வயல்லயும் இதைத்தான் பார்க்கிறேன். நாள் பூரா குனிஞ்சு நடவு நட்ட பொம்பளைங்க இடுப்பு வலின்னா தைலம் வாங்கித் தர்றாங்க. வரப்புல நிக்கிற ஆம்பளைங்க ஒருத்தரும் சேத்துல இறங்கிறதில்லை. கட்டுப் போடுறதோட நிறுத்திக்கிறோம், பாரத்தைப் பிரிக்கிறதில்லை.

அதனால பிள்ளைக்கு வில் வாங்கிக் கொடுக்கிறதை விட, பக்கத்துல உக்காந்து சுரண்டக் கத்துக்கொடுங்க. ஒரு மத்தியானம் ஆகும், ஆகட்டும். எங்கே சுரண்டணும்னு அவனே கண்டுபிடிக்கட்டும். அம்பு இல்லாம நாணை இழுத்து விடக்கூடாது, விளையாடி முடிஞ்சா நாணைக் கழட்டி வைக்கணும், ஆள் மேலயோ பறவை மேலயோ குறி வைக்கக்கூடாதுன்னு சொல்லிக் கொடுங்க. குறிக்கு வைக்கோல் போர் போதும். ஒடிஞ்ச வில் வீட்டுல கிடந்தா குப்பையில போடாதீங்க. முதல்ல சுவத்துக் கட்டையில வச்சு இழுத்துப் பாருங்க.