படகின் அடியும் பொதுநீரும்

அத்திப்பட்டு என்றவுடன் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் நிலக்கரிக் குவியல்களும் நினைவுக்கு வருமேயன்றி, பாய்மரப் படகு எவருக்கும் நினைவுக்கு வாராது. ஆயினும், அவ்வூருக்குக் கிழக்கே பல தேசத்துக் கப்பல்கள் வந்து செல்லும் காமராஜர் துறைமுகத்தையும் காட்டுப்பள்ளியையும், அவற்றின் அருகிலேயே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கைவைத்துத் தடவி இறால் பிடித்து ஜீவனம் செய்யும் மக்களையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, ஒரு கலத்தின் அடிப்பாகத்தில் எந்த வர்ணத்தைப் பூசுவது என்ற கேள்வி அதன் சொந்தக்காரரை மட்டும் பொறுத்த விஷயமன்று என்பது விளங்கும்.

கடலில் இறக்கிய எந்தப் பொருளின்மீதும் முதல் நாளிலேயே நுண்ணுயிர்களின் வழவழப்பான படலம் படிகிறது; அதைத் தொடர்ந்து பாசியும், கொட்டலசும், ஆழி என்னும் சிப்பியும் வந்து குடியேறுகின்றன. குளிர்நாட்டுக் கடல்களில் இவ்வளர்ச்சி பனிக்காலத்தில் அடங்கிப்போகும்; நம் வெப்பக் கடலில் அத்தகைய ஓய்வு கிடையாது. அடியில் இவ்வாறு சுமை ஏறிய படகு காற்று நன்றாக வீசினாலும் வேகம் கொள்ளாது. இயந்திரக் கப்பலானால் எண்ணெய்ச் செலவு ஏறும். தொழில் முடிந்ததும் கட்டுமரத்தைக் கரையேற்றிக் காயவிட்ட நம் பரதவருக்கு இத்தொல்லை பெரிதாக இருந்ததில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1911ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைப் போன்ற சங்கங்களிலும், பந்தயத்துக்குரிய சிறு பாய்ப் படகுகளை நிலத்தில் ஏற்றி வைப்பதே வழக்கமாதலால், அவற்றுக்கு உயிர்கள் ஒட்டாதபடி பூசும் விஷ வர்ணம் அவசியமில்லை. இரவும் பகலும் நீரிலேயே கிடக்கும் கலங்களுக்குத்தான் இந்தக் கவலை.

இக்கவலைக்கு மேல்நாட்டார் கண்ட பழைய பரிகாரம் செம்பு. 1761இல் ஆங்கிலக் கடற்படையின் 'அலாரம்' என்னும் கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடித்தார்கள். கொட்டலசு ஒட்டவில்லை, ஆனால் தகட்டைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயின. செம்பும் நாளடைவில் கரைவதைக் கண்டு, அதைத் தடுக்க உபாயம் தேடிய ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன சாஸ்திரி, 1824இல் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் தகட்டோடு பொருத்தினார். செம்பு கரைவது நின்றது. நின்றவுடன், அதுவரை அண்டாத ஜந்துக்களெல்லாம் அதே தகட்டின்மேல் செழித்து வளர்ந்தன. கரைவதே செம்பின் காவல் என்பதை உலகம் இவ்விதம் கற்றுக்கொண்டது. இன்றைய வர்ணங்களிற் பெரும்பாலானவை செப்பு ஆக்ஸைடைச் சிறிது சிறிதாக நீரில் கசியவிடுவதும் இதே தத்துவத்தின்படிதான்.

செம்பைவிடக் கடுமையான விஷம் வேண்டும் என்ற ஆசையால், 1960களில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் வர்ணத்தில் புகுந்தது. அதன் பலனைப் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாச் சிப்பி வளர்ப்போர் அனுபவித்தார்கள்: குஞ்சுகள் பிழைக்கவில்லை, ஓடுகள் விகாரமாகத் தடித்தன. 1982இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடைசெய்தது. 2001இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2008இல்தான் அமலுக்கு வந்தது. சிப்பி வளர்ப்போர் நஷ்டப்பட்ட பிறகு உலகம் முழுவதற்கும் சட்டம் வர ஒரு தலைமுறைக் காலம் சென்றது.

அப்படியானால் விஷமே வேண்டாம், ஒட்டுவது ஒட்டட்டும் என்று விட்டுவிடலாமா? விடலாகாது என்பதற்குக் கொசஸ்தலை கடலில் கலக்கும் எண்ணூரே சாட்சி. தென் அமெரிக்கக் கரைகளைப் பூர்வீகமாகக் கொண்ட, நம் மீனவர் 'காக்கா ஆழி' என்றழைக்கும் சிறிய கருநிறச் சிப்பி, எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டு நீர்நிலையிலும் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, இறால் புதைந்து வாழும் மணலையும் சேற்றையும் மூடிவிட்டது; அதன்மேல் கால் வைத்தால் கிழிக்கிறது. கப்பல்கள் நிலைகுலையாதிருக்க ஏற்றிவரும் நிலைப்பு நீரிலோ அவற்றின் அடிப்புறத்திலோ அது இங்கு வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம். இவ்விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது.

ஆகவே விவேகமானது நடுவழியே: தேவையான அளவு வர்ணம், அதைவிட அதிகமான கவனம். அடிக்கடி ஓடும் படகுக்குத் தானே தேய்ந்து புதுப்பரப்பைக் காட்டும் வகை பொருந்தும். அடிக்கடி தேய்த்துக் கழுவப்படும் படகுக்குக் கெட்டியான வகையே தகும். அலுமினியப் படகுக்குச் செப்பு வர்ணம் ஆகாது. 'அலாரம்' கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்த கதி அந்தப் படகுக்கும் நேரும். செம்பு கனமானதாகையால் டப்பாவின் அடியில் செந்நிறச் சேறாகத் தங்கிவிடும். குச்சியில் கட்டி எழும்பாத நிலை வரும்வரை கலக்கிய பின்பே பூசவேண்டும். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் உராய்வு மிகுதியாகையால் அங்கே ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும். உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கப் பொருத்திய துத்தநாகக் கட்டியின்மேல் மட்டும் ஒரு துளியும் படலாகாது. பழைய வர்ணத்தை நீர் தெளித்தே தேய்க்கவேண்டும். உலரத் தேய்த்தால் அந்த விஷத்தூள் பணிசெய்பவரின் நுரையீரலுக்குப் போகும்.

தேய்த்த கழிவு எங்கே போகிறது என்பதில்தான் தனிமனிதரின் பொறுப்பு முடிந்து அரசாங்கத்தின் கடமை தொடங்குகிறது. படகுகளைப் பழுதுபார்க்கும் இடந்தோறும், கழிவுநீரைத் தேக்கி வடிக்கும் தொட்டியோடு கூடிய சிமெண்டுத் தளம் அமைக்கவேண்டும். கப்பல்களின் அடிப்புறத் தூய்மைக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011இல் வகுத்து 2023இல் திருத்திய வழிகாட்டுதல்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நியூசிலாந்தோ அத்தகைய கட்டாயத்துக்குக் காத்திராமல், 2018 முதல் சுத்தமான அடியோடு வரவேண்டும் என்பதைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் நாம் அவ்வாறு செய்ய என்ன தடை? துறைமுகக் கட்டணத்தோடு அடிப்புறச் சோதனையின் செலவையும் சேர்த்து வாங்குவது கப்பல் முதலாளிகளுக்குப் பெரும் பாரமன்று. வாங்காது விட்டால், அச்செலவைக் கழிமுகத்து இறாலை நம்பிய குடும்பங்களே, ரசீதுகூட இல்லாமல், தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்கும்.