கல்லு போச்சு, பத்தர் மேல பழி

ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

அக்காவோட சிவப்புக்கல் தோட்டுல மரை தேஞ்சு போச்சு, திருகாணி நிக்கல. இருபது வருஷமா எங்க வீட்டு நகையைப் பாக்கற பத்தர்கிட்ட கொடுத்தோம். அவரும் வழக்கம்போல புதுத் தண்டு பத்தவச்சு, அமிலத்துல போட்டு எடுத்து, மெருகு போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு கல்லுல சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கோடு! "கல்லை மாத்திட்டான்"னு அம்மா ஒரே வார்த்தைல தீர்ப்பு சொல்லிட்டாங்க. அந்த மனுஷன் ஒண்ணும் பேசாம தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

எனக்கு மனசு கேக்கல. கல் பரிசோதனை பண்ற இடத்துக்குக் கொண்டுபோனேன். கல்லு அதேதான். ஆனா அது ஈயக் கண்ணாடி நிரப்பின மாணிக்கமாம். கடை பில்லுல என்ன போட்டிருந்தது தெரியுமா? வெறும் 'ரூபி'.

விஷயம் இதுதான். ஒண்ணுக்கும் உதவாத, விரிசல் விழுந்த குரண்டக் கல்லை எடுத்து, அந்த விரிசல்ல ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊத்தறாங்க. விரிசல் மறைஞ்சு, கல்லு தகதகன்னு ஆயிடும். 2004 வாக்குல சந்தைக்கு வந்த வித்தை இது. மாணிக்கம் உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். கண்ணாடிக்கு அதுல பாதிகூட வேண்டாம். பத்தரோட நெருப்பே போதும். அமிலமும் அரிக்கும். எலுமிச்சைச் சாறு கூட அரிக்கும்!

கடைக்காரங்க என்ன சொல்வாங்கன்னும் தெரியும். "எல்லா மாணிக்கத்தையும் சூடு பண்ணத்தான் செய்றாங்க"ம்பாங்க. சூடு பண்றது வேற, கண்ணாடி அடைக்கறது வேற சாமி. வெறும் சூட்டால வந்த நிறம் நிலைச்சு நிக்கும். அடைச்சது நிக்காது. "விலை கம்மியாத்தானே கொடுத்தோம்"னும் சொல்வாங்க. கொடுங்க, யார் வேண்டாம்னா? நாகர்கோவில் வடசேரில செய்யற கோயில் நகைல கெம்புக் கல் வைக்கறாங்க. கெம்புன்னு சொல்லித்தான் விக்கறாங்க. பரதநாட்டியம் ஆடற பொண்ணுங்க சந்தோஷமா வாங்கிப் போட்டுக்கறாங்க. அங்க ஏமாத்து எங்க இருக்கு? மலிவுக் கல்லை விக்கறது தப்பில்லை. சொல்லாம விக்கறதுதான் தப்பு.

"ஹால்மார்க் இருக்கே"ன்னு நம்பறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2021ல இருந்து படிப்படியா கட்டாயம் ஆக்கினாங்க, நல்லதுதான். 916ம் அந்த ஆறு எழுத்து எண்ணும் தங்கத்துக்கு மட்டும். கல்லு மாணிக்கமா, பாட்டில் துண்டான்னு அது ஒரு வார்த்தை சொல்லாது.

அதனால அடுத்த தடவை கல் வச்ச தோடு வாங்கும்போது அதைத் திருப்பிப் பாருங்க. ஓபன் செட்டிங்னா பின்னாடி வெளிச்சம் தெரியும், லென்ஸ் வச்சுப் பாக்கலாம். உள்ளே குமிழி, சாய்ச்சா நீல மினுக்கு தெரிஞ்சா உஷார். குளோஸ் செட்டிங்ல பின்னாடி மூடியிருக்கும். அடியில தாளோ அரக்கோ இருந்தா அதோட எடையும் தங்கக் கணக்குல சேராம பாத்துக்கோங்க. மூடி வைக்கறது பழைய வேலைப்பாடுதான், அதைக் குறை சொல்லல. ஆனா மூடின கல்லுக்கு பில்லு திறந்திருக்கணும். மொத்த எடை, நிகர எடை, கல் எடை (5 கேரட் ஒரு கிராம்), கல்லுக்கு என்ன பண்ணியிருக்காங்க, எல்லாம் தனித்தனியா எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னா எழுந்து வாங்க.

"பொடி வச்சு ஊதறான்"னு காலங்காலமா பத்தரைத்தான் கிண்டல் பண்றோம். இங்க பொடி வச்சது கண்ணாடி ஷோரூம்ல ஏசி போட்டு உக்காந்திருக்கறவர். பழி விழுந்தது ஊதுகுழலோட தரையில உக்காந்திருக்கறவர் மேல.

அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு நானும் அம்மாவும் அவர் பட்டறைக்குப் போனோம். அம்மா மன்னிப்பு கேட்டாங்க. "பரவால்லம்மா"ன்னு சொன்னார். அந்தப் 'பரவால்ல' எனக்கு இன்னும் உறுத்துது.

டிஸ்கி: ரிப்பேருக்குக் கொடுக்கும்போது கல்லு எப்படிப்பட்டதுன்னு பத்தர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. தெரியலைன்னா, தெரியலைன்னாவது சொல்லுங்க. :-)