ஆறு வயது வரை யார் பொறுப்பு?

குழந்தைக்கு ஆறு வயது நிறைந்தால் அதற்குக் கல்வி பெறும் உரிமை உண்டென்று அரசியல் சட்டம் கூறுகிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முந்திய நாள் வரை அந்தக் குழந்தைக்கு உள்ள உரிமை என்ன? ஆட்சியாளர்கள் முன் இக்கேள்வியை வைக்கவே இன்று எழுதுகிறோம்.

2002-ம் ஆண்டு, 86-வது திருத்தத்தின் மூலம் 6 முதல் 14 வயது வரையிலானவர்களின் கல்வியை அடிப்படை உரிமையாக்கினார்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களை மட்டும் 45-வது பிரிவில் ஒதுக்கி, அவர்களைப் பேணிக் கல்வியளிக்கச் சர்க்கார் "முயல வேண்டும்" என்று எழுதி முடித்துவிட்டார்கள். உரிமை மறுக்கப்பட்டால் வழக்குமன்றம் ஏறலாம். முயற்சி தவறினால், "முயன்றோம், முடியவில்லை" என்று கைவிரித்து விடலாமல்லவா? 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது. ஆண்டுக்கொரு முறையேனும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதித்து, ஊனம் நேரக்கூடியவர்களைக் கண்டறிய வேண்டுமென்று அதே சட்டம் கட்டளையிடுகிறது. சரி, கண்டறிந்த பின்?

ஊனமும் வளர்ச்சிக் குறைவும் ஆறு வயது வரை காத்திருப்பதில்லை. மூளை வளர்ச்சியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறதென்று, 2020-ம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையில் மத்திய சர்க்காரே எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு எத்தனையோ சண்டை உண்டு; இந்த வரியோடு சண்டையில்லை. தைராய்டு சுரப்பி சரிவர வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தையைச் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து, நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை கொடுத்து வந்தால், அது மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தவறவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும். பின்னர் லட்சம் லட்சமாகக் கொட்டினாலும் இழந்தது மீளாது. பாதம் வளைந்து பிறக்கும் குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போடத் தொடங்கி, பின் சில ஆண்டுகள் தனிக் காலணி அணிவித்து வந்தால், பெரும்பாலும் அது ஓடியாடித் திரியும். காலத்தில் கொடுத்தால் காசில் முடிகிற காரியம் இது.

கிராமத்தில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை. "ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்கிறாள் பாட்டி. கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்பதை முதலில் கவனிப்பவர் அங்கன்வாடி ஊழியர். 2013-ல் தொடங்கிய திட்டப்படி, ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு சீட்டெழுதி, மாவட்டத் தலைநகரிலுள்ள இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். நகரப் பேருந்தில் அவளுக்குக் கட்டணமில்லை. அன்றைய கூலி போனது போனதுதான். பேச்சுப் பயிற்சி ஒரு நாளில் முடிவதில்லை. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தொடர வேண்டும். எத்தனை வாரம் அவள் கூலியை இழப்பாள்? அங்கே பயிற்சி தருபவரோ ஒப்பந்த ஊழியர். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், அடுத்தவர் வரும் வரை பிள்ளையின் நாக்கு காத்திருக்குமா?

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பல லட்ச ரூபாய் பெறுமான கருவியை இலவசமாகப் பொருத்துகிறார்கள். பாராட்டுகிறோம். ஆனால் கருவி ஒலியைத்தான் தரும். மொழியைத் தருவது அதன் பின் நடக்கும் பயிற்சி. கருவிக்குப் பணம் தந்து, பயிற்சி தரும் கைக்குப் பணம் தர மறுத்தால், போட்ட பணமும் வீண்தான்.

"நிதி இல்லை" என்ற பழைய பல்லவியை இப்போது பாடுவார்கள். கணக்கைப் பார்ப்போம். நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளை நடத்தும் திட்டத்துக்கு, மத்திய சர்க்கார் 2021-22 பட்ஜெட்டில் ஒதுக்கியது 20,105 கோடி ரூபாய். 2025-26-ல் 21,960 கோடி. நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்பது கூட்டினார்கள். விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. ஆகவே கூட்டியதாகக் காட்டிக் குறைத்திருக்கிறார்கள் என்பதே உண்மை. ஒரு குழந்தையின் சத்துணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். அந்த 8 ரூபாய்க்கு இன்று என்ன வாங்கலாமென்று அமைச்சர்கள் ஒரு நாள் கடைத்தெருவில் விசாரித்துப் பார்க்கட்டும்!

ஊழியருக்கு மத்திய நிர்ணயம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இது 2018 அக்டோபரில் வைத்தது; 2024 முடியும் வரை ஒரு காசும் ஏறவில்லை. அதையும் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறார்கள். இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டென்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகுமென்று சர்க்காரே அறிவித்தது. அங்கன்வாடித் திட்டத்தின் ஒரு வருட ஒதுக்கீட்டைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு! அன்று கஜானாவில் இருந்த தாராளம், பாலகர்கள் வந்து நிற்கும்போது எங்கே ஓடி ஒளிகிறது?

1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவைப் பரப்பியபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு தொடங்கியபோதும் "பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டவர்கள் உண்டு. உலை வைத்த பிறகு அது அணையவில்லை. மனம் இருந்த இடத்தில் வழி பிறந்ததற்குத் தமிழ்நாடே சாட்சி.

ஆகவே நாம் கேட்பது இவைதான். பிறந்த நாள் முதல் ஆறு வயது வரையிலான பேணுதலையும் சிகிச்சையையும் கல்வியையும் அடிப்படை உரிமையாக்குங்கள். உணவுப் படியையும் ஊழியர் ஊதியத்தையும் விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்துங்கள். இடையீட்டு மையங்களில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி, அவற்றை ஒன்றியம் தோறும் கொண்டு வாருங்கள். பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கி வரும் தாய்க்கு அன்றைய கூலியை ஈடு செய்யுங்கள். முதல் இரண்டும் டெல்லியின் கடமை. பின்னிரண்டில் மாநில சர்க்காருக்கும் பங்குண்டு. டெல்லி தரவில்லை என்று சொல்லி இவர்களும், மாநிலம் செய்யவில்லை என்று சொல்லி அவர்களும் பந்தாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், ஒரு குழந்தை பேசக் கற்கும் மாதம் கழிந்துபோகிறது. அதை எந்தத் துணைப் பட்ஜெட்டாலும் திருப்பித் தர முடியாது.

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓட்டில்லை. ஊர்வலம் வரவும் மனுக் கொடுக்கவும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்களை இடுப்பில் சுமந்து பஸ்ஸுக்கு நிற்கும் தாய்மார்களுக்கு ஓட்டுண்டு. ஆட்சியிலிருப்போர் இதை நினைவில் வைப்பது நல்லது.