சீமெந்து விலை தெரிந்த படங்கள்

இந்தப் பத்தியை வாசிக்கும் சில சகோதரிகள், "எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறீர்கள், உங்களுக்குப் பிடித்த படங்களைப் பற்றி ஒருமுறை எழுதினால் என்ன?" என்று கேட்டிருந்தனர். நான் ஒரு படப் பைத்தியம் என்பது என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம். பழைய கறுப்பு வெள்ளைப் படம், சிங்களப் படம், மலையாளப் படம், இரவு ஒன்பது மணி நாடகம் என்று எதையும் விட்டு வைப்பதில்லை. பிடித்தவற்றைப் பட்டியல் போட்டால் இந்த இதழ் முழுவதும் போதாது. ஆகவே ஒரு விடயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். அது வீடு.

தமிழ்ப் படங்களில் வீட்டுக்குக் குறைவே இல்லை. நடுவில் அகன்ற மாடிப்படி இருக்கும். கதாநாயகி அதில் இறங்கி வருவாள், மாமியார் அதன் உச்சியில் நின்று சாபமிடுவார். அந்த வீட்டை யார் கட்டியது, உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, மாடிப்படியைத் தினமும் கூட்டித் துடைப்பது யார் என்பவற்றையெல்லாம் படம் சொல்வதில்லை. நான் கேட்டால் எங்கள் வீட்டில், "பேசாமல் படத்தைப் பார்க்க விடு" என்பார்கள். நியாயம்தான். ஆயினும் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்ன படம் பாலு மகேந்திராவின் "வீடு". 1988இல் வெளியானது. எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று, இந்தியாவிலேயே வாழ்ந்து 2014இல் மறைந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது தனது தாயார் ஒரு வீட்டைக் கட்டி முடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்ததே இந்தப் படத்துக்கு வித்து என்று அவர் கூறியிருக்கிறார். கதை நடப்பது சென்னையில். ஆனால் அதன் வேர் ஒரு மட்டக்களப்புத் தாயின் கவலையில் இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குப் படம் இன்னும் நெருக்கமாகிவிடுகிறது.

கதை மிகச் சிறியது. சுதா (அர்ச்சனா) அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவள். தங்கையோடும், ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியரான தாத்தாவோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்காரர் எழும்பச் சொல்கிறார். வாடகைக்கு வேறு வீடு தேடினால் கட்டுப்படியாகவில்லை. கூட வேலை செய்யும் ஒருவர், காணிதான் இருக்கிறதே, கட்டினால் என்ன என்று யோசனை சொல்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு படம் முழுவதும் கடன் விண்ணப்பம், வரைபட அனுமதி, கையூட்டு, அத்திவாரம், மழை, செங்கல், சீமெந்து. பாட்டு இல்லை, சண்டை இல்லை. இளையராஜாவின் இசை மட்டும் இடைக்கிடை வந்து போகிறது. அர்ச்சனாவின் முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. பஸ்ஸுக்கு நின்று களைத்த முகம். இந்த நடிப்புக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

எனக்கு மறக்க முடியாதவை இரண்டு இடங்கள். ஒன்று, கொந்தராத்துக்காரர் சீமெந்து மூடைகளைக் களவாகக் கடத்துவதை மங்கம்மா கண்டுபிடிக்கும் இடம். மங்கம்மா அந்த வேலைத்தலத்தில் மண் சுமக்கும் கூலிப் பெண். நடித்தவர் "பசி" சத்யா. படித்து, அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் சுதாவுக்குத் தெரியாத கணக்கு இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை மூடை வந்தது, எத்தனை மூடை குழைத்தது, மிச்சம் எங்கே போனது என்று. அவள் அந்த மனிதரை நேருக்கு நேர் நின்று கேட்கிறாள். நல்ல நேரத்தில் ஒரு ஆண் வந்து காப்பாற்றுவதுதான் எங்கள் சினிமாவின் வழக்கம். இங்கே காப்பாற்றுவது தலையில் சும்மாடு வைத்திருக்கும் ஒரு பெண்.

மற்றது, தாத்தா தனியாக வீட்டைப் பார்க்கப் போகும் இடம். சொக்கலிங்க பாகவதர் குடையைப் பிடித்துக்கொண்டு போய், பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். ஒரு வசனமும் தேவைப்படவில்லை. அதன் பின் அவர் வீடு வந்து சேர்வதில்லை. கட்டி முடியாத வீட்டைப் பார்த்துவிட்டாவது போனாரே என்று நிம்மதிப்படுவதா, குடியிருக்கக் கிடைக்கவில்லையே என்று அழுவதா என எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முடிவைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. கட்டிடம் எழும்பிய பிறகு குடிநீர் அதிகாரசபையிலிருந்து ஒருவர் வந்து, இந்தக் காணி ஏற்கெனவே சுவீகரிக்கப்பட்டது என்கிறார். ஒரு அலுவலகம் அனுமதி கொடுத்திருக்கிறது, இன்னொரு அலுவலகம் தன்னுடையது என்கிறது. இடையில் நிற்பது சுதா. வழக்கு நடக்கிறது. படம் முடிகிறது.

நான் வேலை செய்யும் கிராமங்களில் சுதாக்கள் நிறைய. ஆனால் அவர்களுக்கு அலுவலகக் கடன் கிடையாது. கணவனை யுத்தத்தில் இழந்தவர், கணவன் விட்டுப் போனவர், கணவன் மத்திய கிழக்கில் இருப்பவர் என்று பல வகை. வீட்டுத் திட்டப் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரம் முடித்துக் காட்டினால் அடுத்த தவணை, லிண்டல் மட்டம் வந்தால் அதற்கடுத்தது. முடித்துக் காட்டுவதற்கு முன்பணம் எங்கே? நகை அடகுக்குப் போகும், பிறகு சீட்டு, பிறகு நுண்கடன். 2021இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022 நெருக்கடியில் மூவாயிரம் ரூபா அளவுக்குப் போனபோது, லிண்டல் மட்டத்தில் நின்ற சுவர்கள் அப்படியே நின்றுவிட்டன. மழை பட்டுப் பாசி பிடித்த சுவர்களுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில் சமைத்துக்கொண்டிருக்கும் பெண்களை இன்றும் காணலாம். கம்பி வாங்கப் போனால் கடையில், "வீட்டில் ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்பார்கள். மேசன் ஒரு நாள் வந்து மூன்று நாள் வரமாட்டார். "வீடு" படத்தைப் பார்த்து இது மெதுவாக நகர்கிறது என்று சொல்பவர்கள் ஒருநாளும் வீடு கட்டாதவர்களாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. சுதாவுக்குத் துணையாக வரும் கோபி (பானுசந்தர்) சற்று அதிகமாகவே நல்லவர். அதைவிட, மங்கம்மா கட்டும் வீடுகள் எல்லாம் மற்றவர்களுடையவை. அவளுடைய வீடு எப்படி இருக்கும் என்று இன்னொரு முழுப் படமே எடுக்கலாம். யாரும் எடுக்கவில்லை.

கட்டி முடியாத இன்னொரு வீடு பிரசன்ன விதானகேயின் "புரஹந்த களுவர" என்ற சிங்களப் படத்தில் நிற்கிறது. பௌர்ணமியில் இருள் என்று சொல்லலாம். 1997இல் எடுக்கப்பட்டு, 2000இல் திரையிடவிடாமல் நிறுத்தப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின்னரே 2001இல் மக்களுக்குப் பார்க்கக் கிடைத்த படம். வரண்ட ஒரு கிராமம். வன்னிஹாமி என்ற பார்வையற்ற முதியவர். இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி வருகிறது, திறக்கக் கூடாது என்கிறார்கள். அடக்கம் செய்தாயிற்று. மகன் பாதியில் விட்டுப்போன வீடு அங்கே நிற்கிறது. இழப்பீட்டுப் பணம் வந்தால் கட்டி முடிக்கலாம், கடனைக் கொடுக்கலாம். கிழவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடுவதில்லை. மகன் செத்தான் என்று அவர் நம்பவில்லை. முடிவில் மண்வெட்டியோடு போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருப்பவை வாழைக்குற்றியும் கல்லும்.

ஜோ அபேவிக்ரம அந்த முதியவராக வாழ்ந்திருக்கிறார். இந்தப் படத்தைச் சிங்களக் கிராமத்தின் கதை என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் இழப்பீடு உண்டு என்று சொல்லப்பட்டபோது, "என்ர பிள்ளை செத்ததை நீங்கள் கண்டனீங்களா?" என்று திருப்பிக் கேட்ட தாய்மார் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெற வழி வந்தது. அதையும் கையில் வாங்க மறுத்தவர்கள் உண்டு. உதவி தேவையில்லை என்பதாலல்ல. கூரையில்லாத வீட்டில் இருந்துகொண்டே மறுத்தார்கள். இந்த மறுப்பை விளங்கிக்கொள்ள என் சமூகவியல் பாடப்புத்தகங்களைவிட வன்னிஹாமி எனக்கு அதிகம் உதவினார்.

கட்டி முடித்த வீட்டுக்கு வருவோம். ஜியோ பேபியின் "தி கிரேட் இந்தியன் கிச்சன்" 2021இல் வந்த மலையாளப் படம். புதிதாகக் கலியாணமாகி வந்த பெண், பழைய பெரிய வீடு, குசினி. தொட்டியின் கீழே குழாய் ஒழுகுகிறது. குழாய் திருத்துபவரைக் கூப்பிடும்படி கணவனிடம் எத்தனை தரம் சொன்னாலும் அவனுக்கு ஞாபகம் வராது. ஊத்தைத் தண்ணீரை அவள் வாளியில் ஏந்துகிறாள். படம் முழுவதும் ஒழுகுகிறது. சாப்பாட்டு மேசையில் எச்சில் துப்புவதைப் பற்றி அவள் பகிடியாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு, இது தன்னுடைய வீடு, தனக்கு வசதியானபடிதான் இருப்பேன் என்று அவன் சொல்லி மன்னிப்பும் கேட்க வைக்கிறான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் எங்கள் மாவட்டத்தில் சீதனமாக வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கப்படுகிறது, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறார். ஆனால் அவர் பேசும் பேச்சு அதேதான். 2004 சுனாமிக்குப் பின்னர் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது, தாய்வழிக் காணியில் இருந்த எத்தனையோ பெண்களின் வீடுகள் "குடும்பத் தலைவர்" என்ற ஒரு சொல்லால் கணவன்மாரின் பெயருக்குப் போயின. படிவத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

"நாடகத்தைப் பற்றி ஒன்றுமில்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. "கோலங்கள்" 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. தேவயானியின் அபி கட்டிடத் துறையில் தானாக எழும்பி நிற்கும் பெண். பெண் ஒருத்தி கட்டிடக் கம்பனி நடத்துவாள் என்பதை ஒவ்வொரு இரவும் வீட்டுக்குள் கொண்டுவந்த நாடகம் அது, அதற்காக எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஆறு வருடத்தில் அபி சதிகளை எண்ணிய அளவுக்குச் சீமெந்து மூடைகளை எண்ணியதாக எனக்கு ஞாபகமில்லை. "மெட்டி ஒலி" இந்த விடயத்தில் மேல். ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற சிதம்பரத்தின் கவலையில் ரூபாய்க் கணக்கு இருந்தது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது அது மறுபடி ஒளிபரப்பானதைப் புதிய நாடகம் போல் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. நாடகம் பார்க்கும் பெண்களைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலை நான்கு மணிக்கு எழும்பி இரவு ஒன்பது மணிக்கு முதன்முறையாக இருக்கும் ஒருத்தி எதைப் பார்க்க வேண்டும் என்று நாள் முழுவதும் இருந்தவர்கள் சொல்ல வேண்டியதில்லை.

அண்மையில் ஒரு கிராமத்து மகளிர் சங்கக் கூட்டத்துக்குப் பின், முன்பள்ளிக் கட்டிடத்தில் வெள்ளைச் சீலை கட்டி "வீடு" படத்தைப் போட்டோம். பாட்டு இல்லாத படம், எழும்பிப் போய்விடுவார்களோ என்று யோசித்தேன். கொந்தராத்துக்காரர் வந்தவுடனேயே, "இவன் கள்ளன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மங்கம்மா சண்டை பிடித்தபோது கைதட்டு. தாத்தா சுவரைத் தொட்டபோது ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார், "வழக்கு என்ன மாதிரி முடிஞ்சது மிஸ்?" படத்தில் சொல்லவில்லை என்றேன். "அந்தப் பிள்ளை முதலே விசாரிச்சிருக்க வேணும்" என்றார் ஒருவர். "விசாரிச்சு, அனுமதி எடுத்துத்தானே கட்டினது? பிறகென்ன!" என்று மற்றவர் பாய்ந்தார். அப்படியே பேச்சு அவரவர் காணி, அவரவர் கடிதம், எந்தக் கந்தோரில் யார் என்ன சொன்னார் என்று போய், இருட்டும் வரை நீண்டது. அன்று நான் குறித்துக்கொண்ட ஆறு பேருடைய கடிதங்களோடு அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குப் போக இருக்கிறோம்.

வருகிற கூட்டத்துக்கு "புரஹந்த களுவர" போடும்படி கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் உள்ள பிரதியில் தமிழ் உபதலைப்பு இல்லை, பக்கத்தில் நின்று நானே கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை கையெழுத்துப் போடாத ஒரு தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.