ஃபேன் வேண்டாம் என்றால், வெப்பம் எங்கே போகும்?

‘சத்தமே வரக் கூடாது’ என்ற நிபந்தனையோடு கணினி கேட்டு வருகிறவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். வீட்டின் ஓர் அறையில் டப்பிங் குரல் கொடுப்பவர், ஒலிப்புத்தகம் பதிவு செய்பவர், குழந்தை தூங்கும் அறையில் இரவு வேலை பார்ப்பவர் என்று பலரும் கேட்கிறார்கள். சிலர் ஃபேனே இல்லாத எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று மாடல் பெயரோடு வருகிறார்கள். கேட்டதை வரவழைத்து மாட்டிக் கொடுப்பது எளிது. ஆனால் அப்படி மாட்டும்போது, வெப்பத்தை வெளியேற்றும் பொறுப்பு எஸ்எம்பிஎஸ்ஸிடமிருந்து கேபினெட்டின் தலையில் விழுகிறது. கேபினெட் அதைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அசெம்பிள் செய்பவரின் வேலை.

கணக்கு எளியதுதான். வேலை நடக்கும்போது ஒரு கணினி 250 வாட் எடுக்கிறது, உள்ளே 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்று கொள்வோம். அதாவது பாதிச் சுமை. 80 பிளஸ் சான்றின் 115 வோல்ட் அளவுகோல்படி, பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் டைட்டானியம் 94 சதவீதமும் செயல்திறன் காட்ட வேண்டும். அந்த 250 வாட்டைக் கொடுப்பதற்காக எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே வெப்பமாக வீணாவது பிரான்ஸில் சுமார் 44 வாட், கோல்டில் 28, டைட்டானியத்தில் 16. நம் 230 வோல்ட்டில் இழப்பு இன்னும் சற்றுக் குறையும். 44 வாட்டை வெளியே தள்ள ஃபேன் சுழன்றே ஆக வேண்டும். 16 வாட்டை நல்ல ஹீட்சிங்கும் துளைகள் நிறைந்த உறையும் சமாளித்துவிடும். ஃபேன் இல்லாத எஸ்எம்பிஎஸ்கள் பெரும்பாலும் பிளாட்டினம், டைட்டானியம் தரத்தில் வருவதும் விலை எகிறி நிற்பதும் இதனால்தான். சீசானிக் நிறுவனம் பிரைம் வரிசையில் 700 வாட் வரை ஃபேன் இல்லாமல் தர முடிந்ததற்கும் டைட்டானியம் செயல்திறனே அடிப்படை.

அடுத்து, நம் ஊர் வெயில். 80 பிளஸ் சோதனை 23 டிகிரி செல்சியஸை ஒட்டிய அறையில் நடப்பது. மே மாதத்துச் சென்னையிலோ வேலூரிலோ மாடி அறை அந்த நிலையில் இருக்காது. கேபினெட்டின் உட்புறம் அறையைவிட இன்னும் சூடு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகிறது என்பது நாம் அறிந்த விதி. 105 டிகிரி முத்திரை இருப்பதால் மட்டும் அந்த விதி தளர்ந்துவிடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமைதி தேவைப்படும் நேரமும் அறை சூடேறும் நேரமும் நம்மிடம் ஒன்றாகவே வருகின்றன. குரல்பதிவு செய்பவர் மைக்கைத் திறக்குமுன் ஏசியையும் சீலிங் ஃபேனையும் நிறுத்துகிறார். கதவு ஜன்னலைச் சாத்துகிறார். மற்ற வீடுகளிலோ சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் கீழே 15 டெசிபல் எஸ்எம்பிஎஸ்ஸும் 25 டெசிபல் எஸ்எம்பிஎஸ்ஸும் காதுக்கு ஒன்றுதான். அந்த வாடிக்கையாளரிடம் கூடுதல் பணம் வாங்குவதில் நியாயம் இல்லை.

கேபினெட்டைப் பார்ப்போம். மேல்பகுதியில் எஸ்எம்பிஎஸ் அமரும் பழைய வகையில், வெப்பக்காற்றை வெளியேற்றும் வேலையில் ஒரு பங்கை அதன் ஃபேன்தான் செய்துவந்தது. அங்கே ஃபேன் இல்லாததை மாட்டினால், பிராசஸர் ஃபேனும் கிராபிக்ஸ் கார்டு ஃபேனும் வேகமெடுத்து, மொத்த இரைச்சல் முன்பைவிடக் கூடிவிடலாம். கீழ்ப்பகுதியில் தகடு போட்டு மூடிய புதிய வகையில் சூடான காற்று மேலே ஏற வழியில்லை. ஃபேன் இல்லாததை மாட்டுவதானால் துளையுள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும், அதற்கு மேல் காற்று செல்லத் திறப்பு இருக்க வேண்டும், மெதுவாகச் சுழலும் கேபினெட் ஃபேன் ஒன்றாவது வேண்டும்.

ஆகவே பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு நாம் பரிந்துரைக்க வேண்டியது, பெரிய ஃபேன் மெதுவாகச் சுழலும், தேவையைவிடச் சற்றுப் பெரிய கோல்டு தர எஸ்எம்பிஎஸ் என்பதே இந்த இதழின் கருத்து. ஃபேனின் வேகம் பாதியானால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் குறைகிறது. 250 வாட் கணினிக்கு 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், 135 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன், ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று அமைந்தால் இரவிலும் தொந்தரவு இராது. இரைச்சலைப் பொறுத்தவரை 80 பிளஸ் முத்திரை எதையும் சொல்வதில்லை. சைபெனெட்டிக்ஸ் தரும் லாம்டா மதிப்பீட்டைப் பாருங்கள்: 15 டெசிபலுக்குக் கீழே ஏ பிளஸ் பிளஸ், 15 முதல் 20 வரை ஏ பிளஸ், 20 முதல் 25 வரை ஏ. கிராபிக்ஸ் கார்டுகள் மைக்ரோ நொடிகளில் தம் அளவைத் தாண்டி இழுப்பதையும் மறக்க வேண்டாம். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள் அதற்காகவே எழுந்தவை. கணக்கிட்ட சுமைக்கு மேல் இடம் விட்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுமை குறையும்போது ஃபேனை நிறுத்திவிடும் ஹைப்ரிட் வகைகளில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பமான அறையில் ஃபேன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து எழுந்து அடங்கும். தொடர்ந்து வரும் மெல்லிய ஓசையைக் காது மறந்துவிடும். விட்டுவிட்டு வருவதை மறக்காது. ஹைப்ரிட் ஸ்விட்ச் இருந்தால் கோடையில் அதை அணைத்துவைத்து, ஃபேனை மெதுவாகத் தொடர்ந்து ஓடவிடச் சொல்லுங்கள்.

ஃபேன் நின்ற பிறகு கேட்கத் தொடங்கும் ஓசைகளும் உண்டு. சோக்குகளும் டிரான்ஸ்ஃபார்மரும் எழுப்பும் காயில் வைன் அதுவரை ஃபேன் ஓசைக்குள் மறைந்திருக்கும். யுபிஎஸ் இன்னொன்று: சாதாரண லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் மெல்ல உறுமுகிறது, பேட்டரிக்கு மாறியதும் அது தரும் படிக்கட்டு அலையில் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து இரையலாம். பதிவறைக்குக் கணினி கொடுக்கும்போது சைன்வேவ் யுபிஎஸ்ஸைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

அப்படியானால் ஃபேன் இல்லாதது யாருக்கு? தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 100 வாட்டைத் தாண்டாத கணினிக்கு. அங்கேகூட வெளியே தனி அடாப்டரும் உள்ளே சிறிய டிசி போர்டும் கொண்ட அமைப்பு விலை குறைவு. ஏசியை டிசியாக மாற்றும்போது வீணாகும் வெப்பம் கேபினெட்டுக்குள்ளேயே வராது. இன்னொரு இடம், தூசி. அரிசி ஆலை, மாவு மில், நூற்பாலை பில்லிங் மேசைகளில் ஃபேன் உறிஞ்சும் தவிடும் பஞ்சும்தான் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொல்கின்றன. அங்கே ஃபேன் இல்லாதது அமைதிக்காக அன்றி ஆயுளுக்காகவே தன் விலைக்குத் தகும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து ஃபேனை மாற்றிக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். உள்ளிருக்கும் பிரைமரி கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு நெருக்கமான மின்னூட்டம் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் தங்கும். காற்றோட்டம் குறைந்த மாற்று ஃபேன் அமைதியைக் கொடுத்து ஆயுளைப் பறிக்கும்.

கொட்டேஷனில் இன்று ‘எஸ்எம்பிஎஸ் 650 வாட்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. இனி அதன் கீழே நான்கு விவரங்கள் சேரட்டும்: வேலை நேரத்தில் எதிர்பார்க்கும் சுமை, அந்தச் சுமையில் செயல்திறன், இரைச்சல் மதிப்பீடு, வாடிக்கையாளரின் அறை வெப்பநிலை. பிளக்கில் செருகும் வாட்மீட்டர் ஒன்று கடையில் இருந்தால் முதல் விவரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. இந்த நான்கையும் எழுதும் கடைக்காரர் தவறான எஸ்எம்பிஎஸ்ஸை விற்பது கடினம். விலையை மட்டும் பார்த்துப் பக்கத்துக் கடைக்குப் போக நினைக்கும் வாடிக்கையாளருக்கும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.