கையொப்பம் யாருடையது?

கருச்சிதைவைப் பற்றி நம் வீடுகளில் பேச்செழுந்தால், 'ஹராம்' என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. மார்க்கம் இத்தனை சுருக்கமாகப் பேசவில்லை.

கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவை அண்டிய தெருக்களிலும், தெற்கே மாமல்லபுரம் வரையிலும், கணவன் வளைகுடாவிலும் மனைவி மாமியார் வீட்டிலுமாய் வாழும் குடும்பங்கள் உண்டு. விடுப்பில் வந்து திரும்பிய சபுராளி ஒருவரின் மனைவி, கைக்குழந்தை பால்குடி மறக்குமுன்னே மீண்டும் கருவுறுகிறாள் என்று கொள்வோம். உடல் நலிந்தவள். திருக்கழுக்குன்றம் வழியே பேருந்தேறிச் செங்கற்பட்டில் ஒரு மருத்துவரைக் காண அவளுக்கு யாருடைய இசைவு வேண்டும்? மாமியார் மகனைக் கேட்கச் சொல்கிறார். மகன் ஜமாஅத்துப் பெரியவரைக் கேட்கிறான். மருத்துவமனையும் கணவனின் கையொப்பத்தைக் கேட்டால், வாரங்கள் கழிகின்றன.

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் கேட்பவை, மருத்துவரின் கருத்தும் 18 வயது நிறைந்த பெண்ணின் இசைவுமே. கணவனின் ஒப்பத்தை அது கேட்கவில்லை. குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று வெளிப்படையாகவே கண்டித்தது.

'சட்டம் மனிதன் செய்தது, நமக்கு மார்க்கமே பெரிது' என்பார் உளர். நன்று, மார்க்கத்துக்கே வருவோம். 17ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த ஹஸ்கஃபீ, ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான 'துர்ருல் முக்தா'ரில், நான்கு மாதத்துக்கு முன் கருவைக் கலைப்பது கணவனின் அனுமதியின்றியும் ஆகும் என்று சட்ட அறிஞர்கள் கூறியதைப் பதிந்திருக்கிறார். அந்நூலுக்கு விரிவுரை கண்ட இப்னு ஆபிதீன், தகுந்த காரணம் வேண்டும் என்பாரின் கூற்றையும் எடுத்துக்காட்டுகிறார். அக்காரணங்களுள் ஒன்று, கருவுற்றதால் தாய்க்குப் பால் வற்ற, செவிலித்தாயை அமர்த்தத் தகப்பனுக்கு வசதியில்லாமை! நாம் மேலே சொன்ன பெண்ணின் நிலைக்கு இது எத்துணை அருகில் இருக்கிறது!

நம் கடற்கரை மக்களில் பலர் ஷாஃபிஈகள். அம்மத்ஹபின் இமாம் கஸ்ஸாலி இன்னும் கண்டிப்பானவர். கரு தரித்த நாள் முதலே கலைப்பது குற்றம், கரு வளர வளரக் குற்றமும் வளரும் என்பார். அவர் நோக்குவதும் கருவின் படித்தரத்தையே.

120 நாள் கடந்து ரூஹு ஊதப்பட்டபின் கலைப்பது பெரும்பாவம். இதில் அறிஞர்களிடையே பிணக்கில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து நேருவதைப் பற்றியே பேச்சு. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால், அந்த 120 நாள் அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். மாத்திரையால் கலைக்கச் சட்டம் இசைவது 9 வாரம் வரையே. ஆக, ஒவ்வொரு 'பொறு, கேட்டுச் சொல்கிறேன்' என்ற சொல்லும் அவளை எளிய வழியிலிருந்து கடின வழிக்கும், மார்க்க அறிஞர்கள் வாதிடும் எல்லையிலிருந்து அவர்கள் ஒருமித்து விலக்கிய எல்லைக்கும் தள்ளுகிறது. பாவத்துக்கு அஞ்சுவதாகச் சொல்லிக் காக்கவைத்தவர்கள் அந்தப் பாவத்தில் தமக்கும் பங்குண்டா என்று எண்ணிப் பார்த்தார்களா?

கணவனும் மனைவியும் கலந்து பேசுவது நல்லறம். அதை யார் மறுத்தார்? ஆயினும் அவள் உடலின் மீது பூட்டுப் போட்டுச் சாவியை துபாய்க்கு அனுப்புவதற்குக் கலந்தாலோசனை என்று பெயரில்லை. ஜும்ஆ மேடையில் வட்டியையும் வரதட்சணையையும் பற்றிப் பேசும் நம் ஆலிம்கள், ஹஸ்கஃபீ எழுதியதையும் ஒருநாள், பெண்களின் காதிலும் விழும்படி, எடுத்துச் சொல்லட்டும்.