இரவில்லாத ஊர்

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் போதகர் வந்து வெளிப்படுத்தின விசேஷத்தின் 21-ம் அதிகாரத்தை வாசித்தார். அந்த நகரத்தில் கண்ணீர் இல்லை, மரணம் இல்லை, இரவும் இல்லை என்று விளக்கினார். நல்ல மனிதர், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். எனக்கு 'இரவும் இல்லை' என்ற இடத்தில் மனம் நின்றுவிட்டது. கடைசிப் பத்து நாளும் ஆஸ்பத்திரி வார்டில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான் - அந்த விளக்கை அணைக்கச் சொல்லு.

இரவில்லாத இடம் எப்படி இருக்கும் என்று குருபரப்பள்ளிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. தொழிற்சாலை விளக்குகள் விடியும்வரை எரிகின்றன. இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, பகலுக்குள் ஒரு இரவைச் செய்துகொண்டுதான் தூங்குகிறார்கள். அதே புத்தகத்தின் 4-ம் அதிகாரத்தில் சிம்மாசனத்தைச் சுற்றி நான்கு ஜீவன்கள் இரவும் பகலும் ஓயாமல் துதிக்கின்றன. ஆயுள் முழுக்க ராகிக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் கூலிக்குக் குனிந்தவளுக்கு இது வெகுமதியா, அடுத்த ஷிப்டா?

பகுத்தறிவு நண்பர் 'போகாத ஊருக்கு வழி கேட்கிறாய்' என்று சிரிக்கிறார். இது தப்பித்தல். ஊர் இருக்கிறதா என்பதல்ல என் கேள்வி. ஆசையின் உச்சி என்று ஒரு மதம் எதைக் காட்டுகிறது என்பது அதன் மனித ஞானத்துக்கான பரீட்சை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973-ல், காரெல் சாபெக்கின் நாடகத்தில் வரும், முந்நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து சலித்துப்போன பாடகியை வைத்து, முடிவற்ற வாழ்வு தாங்கமுடியாதது என்று வாதிட்டார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஆனால் சலிப்பு, ஓய்வு கிடைத்தவர்களின் வியாதி. அம்மாவுக்கு சலிப்பு தெரியாது; அலுப்பு தெரியும். அலுப்பு உடம்பில் இருப்பது, தூங்கினால் தீர்வது. தூக்கத்தை எடுத்துவிட்டு இளைப்பாறுதலைத் தருகிறேன் என்பது என்ன கணக்கு?

4-ம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரியார் இதற்கு ஒரு பதில் சொன்னார்: கடவுளுக்கு எல்லை இல்லை, ஆகவே ஆன்மாவின் வேட்கைக்கும் முடிவில்லை, அது மேலும் மேலும் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்குப் பிடித்த பதில். ஆனால் இது நகரம் அல்ல, வழி. பன்யனைத் தழுவி ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் வெளியிட்ட காவியத்துக்கும் 'யாத்திரிகம்' என்றுதான் பெயர் வந்தது.

இன்னொன்று. அந்த 21-ம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே கடல் இல்லாமற் போகிறது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களிடம் போய், உங்கள் நித்தியத்தில் கடல் கிடையாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! யூத மனத்துக்குக் கடல் குழப்பத்தின் உரு என்று வியாக்கியானம் சொல்வார்கள். இருக்கலாம். பரதவனுக்கு அது பிணமும் தந்தது, சோறும் தந்தது. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணியில் யூதேயாவைத் தமிழ் மருத நிலமாக்கினார். பூமிக்குச் செய்ததைப் பரலோகத்துக்கும் செய்யக்கூடாதா? தமிழனுக்கு இது வெட்கப்படவேண்டிய ஆசையும் அல்ல. இந்திரலோகமே கிடைத்தாலும் அரங்கத்தில் நின்று பெயர் சொல்லும் ருசிக்கு ஈடில்லை என்று மறுத்தவர் தொண்டரடிப்பொடி.

இதையெல்லாம் போதகரிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: அங்கே அம்மா படுக்க முடியுமா?

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். 'அங்கே சரீரம் வேறே தம்பி. அதுக்கு அலுப்பே வராது.' பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் ஏறக்குறைய இதுதான். வேதப்படி அவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் அலுக்காத அந்த சரீரம் யாருடையது? முதுகு வளைந்து, விரல்களில் மாம்பால் பட்ட வடுக்களோடு, ராத்திரி எட்டு மணிக்கு பாயை உதறிப் போட்டு 'அப்பாடா' என்று சாய்ந்தவள்தான் எனக்குத் தெரிந்த அம்மா. அந்த அப்பாடாவைச் சொல்லத் தெரியாத ஒருத்தியிடம் அவளுடைய கூலியைக் கொடுக்கிறார்கள்.